கேள்வி நேரம் வந்தால் படம் காணாமல் போகும்

ஒயிட்ஃபீல்டில் இருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: "நீங்க அந்த மியூசியம் புரோகிராமுக்கெல்லாம் ரொம்ப நாளாப் போறீங்களே, ஃப்ரீதானே? ஆன்லைன்ல சேரட்டுமா, நேர்ல வரட்டுமா?" ஒரு வரியில் பதில் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுதக் கோபம் ஏறிக்கொண்டே போனதால் இவ்வளவு நீளம்.

ஓவியத்தைக் காட்டி இலவசமாக விளக்கிப் பேசும் இந்த வசதிக்குப் பெங்களூரில் குறைவே இல்லை. கஸ்தூர்பா ரோட்டில் இருக்கும் மேப் (MAP) எனும் கலை, புகைப்பட அருங்காட்சியகம் 2020 டிசம்பரில் முதலில் இணையத்தில்தான் திறந்தது. கட்டடத்தின் கதவு திறந்தது 2023 பிப்ரவரியில். கொரோனா காலத்தில் ஆரம்பித்த அந்தப் பழக்கம் ஊரில் பல இடங்களுக்கும் ஒட்டிக்கொண்டது. நான் வழக்கமாகப் போகிற கலைக்கூடம் வேறு, பெயர் வேண்டாம். பெயரைப் பதிந்தால் லிங்க் வரும், காசு கிடையாது, சனி ஞாயிறில் நேரிலும் சுற்றிக் காட்டுவார்கள். நேராக என் குறைக்கு வருகிறேன்.

ஆன்லைன் செஷனில் முக்கால் மணி நேரம் ஒரே ஓவியத்தைத் திரையில் வைத்துப் பேசுகிறார்கள். நன்றாகவே பேசுகிறார்கள், அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. மூலையில் இருக்கும் கிளி, தூணுக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்கும் சேடி, புடவைக் கரையில் ஒரு இழை என்று கண்ணைப் பிடித்து இழுத்துக் காட்டுகிறார்கள். நமக்கும் ஒன்றிரண்டு கேள்வி எழுகிறது. "சரி, இப்போ கேள்வி கேட்கலாம்" என்கிறார்கள். சொன்ன அடுத்த நொடியே ஸ்க்ரீன் ஷேரை நிறுத்திவிடுகிறார்கள். படம் போச்சு! அது இருந்த இடத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாக நம் முகங்கள். பாதிப் பேர் கேமராவை அணைத்து வைத்திருப்பதால் முகம்கூட இல்லை, வட்டத்துக்குள் ஓர் எழுத்துதான். ரசம் வருகிற நேரம் பார்த்து இலையை எடுத்துவிடுகிற பந்தி இது.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று புரியாமல் இல்லை. முக்கால் மணி நேரம் யாரும் இல்லாத திரையைப் பார்த்துப் பேசுகிறவருக்கு நாலு மனித முகம் பார்க்கத் தோன்றும். ஆனால் படத்தையும் முகத்தையும் ஒன்றாகக் காட்டும் வசதி அந்த ஆப்பிலேயே இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளே அதைப் பழகிவிட்டார்கள். சாட்டில் எழுதிப் பார்த்தேன், மெயிலும் போட்டேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று அழகாகப் பதில் வந்தது. அடுத்த செஷனிலும் படம் போனது.

உச்சம் ஒன்று உண்டு. அன்றைக்கு எடுத்துக்கொண்டது மைசூர் ஓவியம். கேள்வி நேரத்தில் ஒருவர் கேட்டார், இதற்கும் தஞ்சாவூர் ஓவியத்துக்கும் என்ன வித்தியாசம் என்று. கேட்க வேண்டிய கேள்விதான். தஞ்சாவூரில் பலாப்பலகையில் துணி ஒட்டி, சுக்கான் (சுண்ணாம்புக்கல்) பொடியும் பசையும் குழைத்த மக்கு என்கிற பூச்சால் நகையையும் மண்டபத்தையும் கனமாக எழுப்புவார்கள். அதன் மேல் தங்க ரேக்கு, நடுவில் கல். மைசூரில் பலகையின் மேல் தாள் ஒட்டியிருக்கும். ஈய வெள்ளைப் பொடியைப் பசையில் குழைத்து, கோடு கோடாக மெல்லிசாகத்தான் எழுப்புவார்கள். அதன் மேல் தங்கத் தகடு. கடைசியில் ஒரு மெல்லிய தாளை மேலே வைத்து வழவழப்பான கல்லால் தேய்த்துவிடுவார்கள். அதனால் அந்தப் புடைப்பு தொட்டால்தான் தெரியும் என்கிற அளவுக்கு அடங்கிப்போயிருக்கும். மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் ஆதரவில் மைசூரில் வளர்ந்தது ஒன்று. இரண்டாம் சரபோஜி காலத்தில் தஞ்சாவூரில் செழித்தது மற்றொன்று.

இவ்வளவையும் அந்தப் பேச்சாளர் சொன்னார். எதை வைத்துச் சொன்னார்? காற்றை வைத்து. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் நெருக்கிப் பிடித்து, "இவ்வளவு உயரம்தான், இவ்வளவு" என்று கேமராவுக்கு முன்னால் காட்டினார். பின்னால் புத்தக அலமாரியும் டேபிள் ஃபேனும்தான் தெரிந்தன. இரண்டு நிமிடம் முன்பு வரை திரை நிறைய இருந்த ஓவியத்தில் எந்த நகை எவ்வளவு எழும்பியிருந்தது என்று நாங்கள் எல்லாரும் மனக்கண்ணில் தேடிக்கொண்டிருந்தோம்.

இதே செஷனில்தான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அதைச் சொல்லாவிட்டால் நியாயமாக இருக்காது.

கும்பகோணத்தில் இருக்கும் அத்தைக்கு லிங்க்கை நான்தான் அனுப்பி வைத்திருந்தேன். முழங்கால் வலி, வாசல் தாண்டுவதே அபூர்வம். அவர் வீட்டுப் பூஜை அறையில் தாத்தா காலத்து வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணன், தஞ்சாவூர்ப் படம் ஒன்று உண்டு. செஷன் பெரும்பாலும் ஆங்கிலத்தில் ஓடியது. எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ம்யூட்டை எடுத்துவிட்டுத் திடீரென்று தமிழிலேயே பேச ஆரம்பித்துவிட்டார்: "அந்தப் படத்தைக் கொஞ்சம் மறுபடியும் போடுங்களேன் தம்பி. கழுத்துல இருக்கறது கல்லா, இல்ல கண்ணாடியா?"

பேச்சாளர் கன்னடக்காரர். ஒரு கணம் திகைத்தார். அப்புறம் தமிழர்கள் நிறைந்த சிவாஜி நகர் பக்கம் வளர்ந்தவர் பேசுகிற மாதிரி ஒரு தமிழில், "இதுல கல்லே இல்லம்மா, வெறும் தங்கம்தான். கல்லு வெக்கறது உங்க ஊர்ல" என்றார். படத்தையும் மறுபடி போட்டார்! நான் மெயில் போட்டு நடக்காத காரியம் அத்தையின் ஒரு 'தம்பி'யில் நடந்துவிட்டது. அத்தை விடவில்லை. விளக்குப் புகை ஏறி ஏறித் தன் கிருஷ்ணன் முகம் கறுத்துவிட்டதைச் சொன்னார், பக்கத்து வீட்டுப் பெண் ஈரத்துணியால் துடைத்துக் கொடுப்பதாகச் சொல்கிறாளே, விடலாமா என்று கேட்டார். "ஈரத்துணி கூடவே கூடாதும்மா, அடியில இருக்கற மக்கு ஊறி உதிர்ந்துடும், பழகின ஆள்கிட்ட குடுங்க" என்று பதறிப்போய்ச் சொன்னார் அவர். முன்பின் தெரியாத அத்தனை பேரும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் நேரமாகிவிட்டது என்று சொல்லவில்லை. ஓர் அருங்காட்சியகத்தின் வேலை இதுதான் என்று அன்றைக்குத் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இனி நேரில் போவது. பதிவு திறந்ததும் இடம் நிரம்பிவிட்டதாக வரும். போய்ப் பார்த்தால் நாற்காலிகள் காலியாக இருக்கும். இலவசம் என்றால் பெயர் கொடுத்துவிட்டு வராமல் இருப்பது நம் ஜனங்களுக்குக் கைவந்த கலை. இதற்கு மியூசியத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருந்தாலும் தைரியமாகக் கிளம்புங்கள்.

உள்ளே நுழைந்ததும் முதலில் கேட்கிற புலம்பல், "என்னங்க இப்படி இருட்டா வெச்சிருக்காங்க?" தாளில் வரைந்த ஓவியம், நீர்வண்ணம் இவற்றுக்கெல்லாம் 50 லக்ஸ் வெளிச்சம் போதும் என்பது பொதுவான கணக்கு. வெளியே உச்சி வெயில் சுமார் 1 லட்சம் லக்ஸ். வெளிச்சத்தால் மங்கிய நிறம் திரும்பி வராது. ஒவ்வொரு நாளும் பட்டது அப்படியே சேர்ந்துகொண்டே போகும். எனவே வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்று கண்ணைப் பழக்கிக்கொண்டு போனால் புலம்ப வேண்டியதில்லை. சுற்றிக் காட்டுகிறவர் இதை எப்போதும் கடைசியில்தான் சொல்கிறார், அது வேறு விஷயம்.

ஆனால் அந்த மங்கலில்தான் தங்கம் பேசுகிறது. திரையில் தங்கம் வெறும் கடுகு மஞ்சள். கேமரா பிடித்தது ஒரே ஒரு கோணம், வீடியோ கால் அதையும் நசுக்கிக் கொடுக்கிறது. நேரில், நேராக நின்று பார்த்தால் கிரீடம் பழுப்பாக இருக்கும். தலையை இடது பக்கம் ஒரு சாண் நகர்த்தினால் கிரீடம் அப்படியே எரிகிறது. இன்னும் நகர்ந்து பக்கவாட்டில் பார்த்தால் அன்றைக்கு அந்தப் பேச்சாளர் இரு விரலால் காட்டிய உயரம் நிழலாக விழுவது தெரியும். ஒவ்வொரு முத்துக்கும் அடியில் மயிரிழை அளவு நிழல். அதைப் பார்க்கத் தரையில் போட்ட கோட்டைத் தாண்டிக் குனிவேன். காவலாளி "ஸ்வல்ப ஹிந்தே சார்" என்பார். பின்னால் வருவேன், மறுபடி குனிவேன். அவருக்கும் எனக்கும் இது பழகிவிட்டது.

முக்கியமாக, நேரில் கேள்வி கேட்கும்போது யாரும் ஓவியத்தைக் கழற்றிக்கொண்டு போவதில்லை. கேள்வி கேட்கிறவர் விரலை நீட்டுகிறார், பதில் சொல்கிறவரும் அதே இடத்துக்கு விரலை நீட்டுகிறார். இதற்காகவே பெங்களூரின் சில்க் போர்டு நெரிசலில் மாட்டிக்கொண்டாவது வரலாம் என்று சொல்லத் தோன்றுகிறது.

தீர்ப்பா? போன வாரம் கே. வெங்கடப்பாவின் ஊட்டி நிலக்காட்சிகள் பற்றி ஆன்லைன் செஷன். மைசூர் அரண்மனை மரபில் தொடங்கி, கல்கத்தாவில் அபனீந்திரநாத் தாகூரிடம் படித்த மனிதர். பனிமூட்டத்தை நீர்வண்ணத்தில் அடுக்கடுக்காக வைத்தவர். அந்தப் பனி எங்கே முடிகிறது, வெறும் தாள் எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன். படம் போய்விட்டது. லேப்டாப்பை மூடிவிட்டேன்.

ஆகவே ஆன்லைன் வேண்டாம். ஒயிட்ஃபீல்டில் பர்ப்பிள் லைன் மெட்ரோ ஏறி நேரில் வாருங்கள். கும்பகோணத்தில் இருப்பவருக்கு ஆன்லைனை விட்டால் வேறு வழி உண்டா என்று கேட்பீர்கள்; இல்லைதான். அத்தை பெயரை அடுத்த செஷனுக்கும் பதிந்தாகிவிட்டது. இருந்தும் ஆன்லைனுக்கு இரண்டு நட்சத்திரத்துக்கு மேல் என் கை போகவில்லை. அவர்கள் அனுப்புகிற ஃபீட்பேக் ஃபாரத்தில் பேச்சாளருக்கு நட்சத்திரம் உண்டு, ஒலிக்கு உண்டு, நேரம் தவறாமைக்கும் உண்டு. படம் தெரிந்ததா என்று கேட்க மட்டும் ஒரு கட்டம் கிடையாது.