தொடர் கருச்சிதைவு: ஆஸ்பத்திரி சுராட்டா, தனியார் பேக்கேஜா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊரில் இரண்டாவது கருவும் தங்காமல் போனால், தம்பதிக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார கிளினிக்) ஒரு வெள்ளி கட்டி, சுராட் (பரிந்துரைக் கடிதம்) வாங்கி, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் மகப்பேறு நிபுணரைப் பார்க்கலாம். இல்லையென்றால் பல பரிசோதனைகளைச் சேர்த்துத் தனியார் லேப் விற்கும் பேக்கேஜை எடுக்கலாம். நான் சொல்வது முதல் வழி. தனியாரில் சீக்கிரம் முடியும், செலவு கூடும். ஆஸ்பத்திரியில் காத்திருக்க வேண்டும். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைத் தீர்மானிப்பது ஒரே ரத்தப் பரிசோதனை: ஆன்டிபாஸ்போலிப்பிட், அதாவது ரத்தத்தை உறையவைத்துக் கருவைக் கலைக்கக்கூடிய எதிர்ப்பொருள்களைப் பார்ப்பது. கண்டுபிடித்தால் சிகிச்சையும் உண்டு என்று சொல்லக்கூடிய காரணங்கள் சிலவே, அவற்றில் இது முக்கியமானது. அடுத்த கர்ப்பத்தில் குறைந்த அளவு ஆஸ்பிரினும் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியும் கொடுப்பார்கள். லூபஸ் ஆன்டிகோஆகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், ஆன்டி பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் என்ற மூன்று எதிர்ப்பொருள்களையும் பார்க்க வேண்டும். கரு கலைந்து ஆறு வாரமாவது ஆன பிறகே ரத்தம் எடுப்பது நல்லது. பாசிட்டிவ் வந்தால் 12 வாரம் விட்டு மறுபடி எடுக்க வேண்டும். ஏதாவது தொற்று வந்துபோன நேரத்திலும் இது தற்காலிகமாகப் பாசிட்டிவ் காட்டக்கூடும் என்பதால், இரண்டாவது ரிசல்ட் இல்லாமல் முதலாவதை நம்ப முடியாது.

பேக்கேஜில் பெரும்பாலும் ஒரு முறைதான் எடுப்பார்கள். அந்த ஒற்றைத் தாளை வைத்துக்கொண்டு அடுத்த கர்ப்பம் முழுக்க வீணாக ஊசி போட்டுக்கொள்ளும் நிலை வரலாம். நிபுணர் கிளினிக்கில் அடுத்த தேதியை அட்டையில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பழைய ரிசல்ட்டும் அதே ஃபைலில் இருக்கும்.

ரத்தம் எங்கே எடுக்கிறார்கள் என்பதும் முக்கியம். லூபஸ் ஆன்டிகோஆகுலன்ட் பரிசோதனைக்கு நீல மூடிக் குழாயில் குறியளவு வரை ரத்தம் நிரம்ப வேண்டும். சுமார் நான்கு மணி நேரத்துக்குள் இயந்திரத்தில் இரண்டு முறை சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும். சிறு ஊரில் எடுத்து வேனில் தூரத்து லேபுக்கு அனுப்பினால், பிளாஸ்மாவில் தங்கிவிடும் பிளேட்லெட்டுகள் அந்த எதிர்ப்பொருளை மறைத்து, பொய்யாக நெகட்டிவ் காட்டிவிடலாம். எந்த வழியில் போனாலும் லேப் உள்ள இடத்துக்கே நேரில் போய்க் கொடுங்கள். ஹெப்பாரின் போட்டுக்கொண்டிருப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

மற்றவை எளிது: தைராய்டுக்கு டிஎஸ்எச், இனிப்புநீருக்கு எச்பிஏ1சி. ரத்தச்சோகை இருந்தால் எச்பிஏ1சி தவறாகக் காட்டலாம், ஆகவே ஹீமோகுளோபின் அளவையும் சேர்த்துப் பாருங்கள். பேக்கேஜை நிரப்பும் டார்ச் (சில தொற்றுகளுக்கான பரிசோதனை), என்கே செல் (நோய் எதிர்ப்புச் செல்), எம்டிஎச்எஃப்ஆர் (ரத்த உறைவோடு தொடர்புபடுத்தப்படும் மரபணு) ஆகியவற்றுக்குப் பணம் கட்டத் தேவையில்லை. பரம்பரை ரத்த உறைவுக் கோளாறு உள்ளவர்களுக்குக்கூட ஹெப்பாரின் பிரசவ வாய்ப்பைக் கூட்டவில்லை என்று 2023-இல் வெளியான அலைஃப்-2 ஆய்வு காட்டியது.

தனியாருக்குப் போவது நியாயமான இடங்கள் இரண்டு. கர்ப்பப்பைக்குள் தடுப்புச் சுவர் இருக்கிறதா என்று பார்க்கும் 3டி ஸ்கேன் ஒன்று. அரசாங்கத்தில் அதற்கு நாள் தள்ளிப்போனால் இதை மட்டும் வெளியே எடுத்துத் தாளை நிபுணரிடம் காட்டலாம். மற்றது, கலைந்த கருவின் குரோமோசோம் பரிசோதனை. ஆரம்ப வாரங்களில் கலைபவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் குரோமோசோம் கோளாறே காரணம். அது உறுதியானால், கனமான வேலை செய்ததால்தான் கலைந்தது என்று யாரும் அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது.

இரண்டு முறை கலைந்தாலே ஆராயலாம் என்கிறது ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கமான எஷ்ரேயின் வழிகாட்டி. “மூன்றாவது முறை பார்ப்போம்” என்று கிளினிக்கில் சொன்னால், வயதையும் கலைந்த வாரங்களையும் எழுதிக் கொடுத்து சுராட் கேளுங்கள். மறுபடி கலைந்தால், திசுவைச் சுத்தமான சலைன் நீரில் போடச் சொல்லுங்கள். ஃபார்மலினில் போட்டால் செல்கள் செத்துவிடும், வளர்த்துக் குரோமோசோம் பார்க்க முடியாது.