7,500 ரூபாய்க்கு ஒரு நல்ல பிள்ளை

திருமணமாகி ஏழாவது மாதத்தில், மாமியாரின் கைக்கு வந்து சேர்ந்த ஒரு துண்டுப்பிரசுரத்தின் காரணமாக, நானும் கணவரும் திருகோணமலை நகரில் ஒரு வாடகை மண்டபத்தில் நடந்த ஒருநாள் வகுப்புக்குப் போனோம். கருத்தரிக்கும் வேளையில் பெற்றோரின் மனநிலை, உணவு, நாள், நட்சத்திரம் ஆகியவை எப்படி அமைகின்றனவோ அப்படியே பிள்ளையின் பிற்காலக் குணமும் அமையும் என்பதே வகுப்பின் பொருள். ஒரு சோடிக்கு 7,500 ரூபாய். மதியச் சாப்பாடு, 48 பக்கக் கையேடு, நாள் பார்க்கும் அட்டை, மருந்து நெய் ஒரு போத்தல் ஆகியன அதற்குள் அடக்கம். நடத்தியவர்களின் பெயரை எழுதப்போவதில்லை. இவ்வகை வகுப்புகள் வேறு ஊர்களிலும் நடப்பதால், காசு கட்டுமுன் யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்பது மணி என்றால் ஒன்பது மணிக்கே தொடங்கினார்கள். சாப்பாட்டில் குறையில்லை, கத்தரிக்காய்ப் பால்கறியை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன். கணவன்மாரும் கட்டாயம் வரவேண்டும் என்றது நல்ல ஏற்பாடு, ஆனால் வந்து உட்கார்ந்த ஆண்களிடம் சொல்வதற்குப் பேச்சாளரிடம் ஒன்றும் இருக்கவில்லை. பெண்கள் எதை உண்ண வேண்டும், எதைப் பார்க்கக் கூடாது, எப்போது அழக் கூடாது என்பதிலேயே பொழுது போயிற்று. தந்தைக்கு ஒரு வயது கூடும்போது பிள்ளைக்குப் போய்ச் சேரும் புதிய மரபணு மாற்றங்கள் ஏறத்தாழ இரண்டு கூடுகின்றன என்று ஐஸ்லாந்துக் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் 2012இல் வெளியிட்டார்கள். தந்தையின் வயதோடு பிள்ளைக்கு ஆட்டிசம் வரும் வாய்ப்பும் சற்று உயர்வதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. உயிரியல் கற்பிக்கும் ஆசிரியையான எனக்கு இந்தப் பகுதி முழுவதுமாக விடுபட்டது பெரிய குறையாகப் பட்டது.

காலை அமர்வு புராணத்தில் போயிற்று. இராவணனின் தாய் கைகசி அந்திவேளையில், விச்சிரவசு முனிவர் வேள்வி செய்துகொண்டிருந்தபோது பிள்ளை வரம் கேட்டுப் போனாள், வந்த வேளை கொடியது என்பதால் கொடிய பிள்ளைகள் பிறப்பார்கள் என்று அவர் சொன்னார், அப்படித்தான் இராவணன் பிறந்தான் என்று பேச்சாளர் விளக்கினார். இராவணன் கதைகள் வாழும் திருகோணமலையில் நின்று பேசுகிறோம் என்பதை அவர் மறந்துவிட்டார் போலும். மகளோடு வந்திருந்த ஒரு வயதான அம்மா எழுந்து, "ஐயா, அதே தாய், அதே தகப்பன். அப்ப விபீஷணன் எப்பிடி அப்பிடிப் பிறந்தவர்?" என்று கேட்டார். கடைசிப் பிள்ளை மட்டும் அறவழி நிற்பான் என்று முனிவரே இரங்கிச் சொன்னதாகப் பேச்சாளர் பதில் கூறவும், அந்த அம்மா விடவில்லை: "தாய்க்காகக் கோணேசர் மலையையே பெயர்க்கப் போன பிள்ளை, தாய் செத்ததும் கன்னியாவில ஏழு கிணறு வரச்செய்து கடமை முடிச்ச பிள்ளை. அவனைக் குணம் கெட்டவன் எண்டு இஞ்ச வந்து சொல்லுறீங்களே." மண்டபமே சிரித்தது. அன்றைய நாளின் மிகச் சிறந்த வாதம் அதுதான், அதற்குக் கட்டணமும் இல்லை.

பிற்பகலில் விஞ்ஞானம் வந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நெதர்லாந்தில் வந்த ஒல்லாந்துப் பஞ்சத்தை ஒரே வரியில் சொல்லி, "விஞ்ஞானமும் ஒப்புக்கொண்டுவிட்டது" என்று திரையை மாற்றினார்கள். அந்த வரி பொய்யல்ல, அதனால்தான் அது ஆபத்தானது. 1944ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 1945ஆம் ஆண்டு வசந்தம் வரை நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் ஒருவருக்கான நாள் பங்கீடு 400க்கும் 800க்கும் இடைப்பட்ட கலோரியாகச் சுருங்கியது. கருத்தரிப்பை ஒட்டிய நாட்களில் அந்தப் பட்டினியில் அகப்பட்ட பிள்ளைகளிடத்தில் பிற்காலத்தில் மனச்சிதைவு நோய் ஏறத்தாழ இரட்டிப்பாகக் காணப்பட்டது. ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னும் அவர்களுடைய மரபணு ஒன்றின் மீதிருந்த வேதியியல் குறிகள் உடன்பிறந்தவர்களுடையவற்றிலிருந்து வேறுபட்டிருந்ததை 2008இல் கண்டார்கள். ஆனால் இது மாதக்கணக்கில் நீடித்த பட்டினியின் கதை. ஒரு மாலையின் மனக்கலக்கத்துக்கோ, அட்டையில் சிவப்பு மையிட்ட ஒரு நாளுக்கோ இதைச் சான்றாகக் காட்டுவது, சுனாமியைக் காட்டி வாளித் தண்ணீருக்குப் பயப்படச் சொல்வது போன்றது.

கேள்வி நேரத்தில் எனக்குப் பக்கத்து வரிசையிலிருந்த தாய் ஒருவர், இரண்டாவது பிள்ளைக்காக வந்தவர், மூன்று வயது மகனின் குழப்படி பற்றிக் கேட்டார். அந்த நேரம் மகன் கடதாசிக் கோப்பைகளைக் கதிரைகளுக்கு அடியில் வரிசையாக அடுக்கி, வாயால் ஊதி ரயில் ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் வயிற்றில் தங்கியது 2022இல், எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற மாதங்களில் என்று அவர் சொன்னதும், "அதுதான் காரணம், அந்தப் பதற்றம் கருவில் ஏறிவிட்டது" என்று பேச்சாளர் ஒரு நொடியும் தயங்காமல் தீர்ப்பளித்தார். அந்தத் தாய் தலையைக் குனிந்துகொண்டார். பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்குகிறான், வீட்டில் யாரோடு விளையாடுகிறான், பேச்சு வந்துவிட்டதா என்று ஒரு கேள்விகூட அவரிடம் கேட்கப்படவில்லை. இந்த வகுப்புக்கு நான் மதிப்பெண் குறைப்பதற்கு வேறெதையும்விட இதுவே காரணம்.

பிள்ளையைப் பெற்றோர் விரும்பிப் பெற்றார்களா என்பது நட்சத்திரத்தைவிடப் பொருத்தமான கேள்வி, அதற்கும் ஆய்வு உண்டு. செக்கோஸ்லோவாக்கியாவின் பிராகா நகரில் ஒரே கர்ப்பத்தைக் கலைக்க இருமுறை அனுமதி கேட்டும் மறுக்கப்பட்ட தாய்மாருக்கு 1961 முதல் 1963 வரை பிறந்த 220 பிள்ளைகளை, விரும்பிப் பெறப்பட்ட பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பல ஆண்டுகள் தொடர்ந்தார்கள். பள்ளியிலும் இளமைப் பருவத்திலும் முதற் குழுவினருக்குச் சிக்கல்கள் கூடுதலாக இருந்தன. முப்பது வயதைக் கடந்தபோது அந்த இடைவெளி குறைந்துவிட்டது. மறுபக்கம், 1978 ஜூலை 25இல் பிறந்த, உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையான லூயிஸ் பிரவுனுக்குப் பின், ஆய்வுகூடத்தில் கருவான பிள்ளைகள் எத்தனையோ இலட்சம் பேர் வளர்ந்துவிட்டார்கள். கேம்பிரிட்ஜில் உளவியலாளர் சூசன் கொலம்பொக் பல ஆண்டுகளாகச் செய்த ஆய்வுகளில், கரு உருவான விதத்தைவிட வீட்டுக்குள் இருக்கும் உறவின் தரமே பிள்ளையின் நலத்தோடு அதிகம் தொடர்புடையதாகத் தெரிந்தது. கருத்தரிப்பு ஆய்வுகூட மேசையில் நடந்ததா, அந்தியில் நடந்ததா என்று அந்தப் பிள்ளைகளின் நடத்தையை வைத்துச் சொல்லிவிட முடியாது.

மறுவாரம் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் போனேன். இது வகுப்பின் பகுதியல்ல என்றாலும், ஒப்பிடாமல் இந்த மதிப்பீடு முழுமையாகாது. புதுமணத் தம்பதியராகப் பதிந்து, உயரமும் நிறையும் அளந்து, ருபெல்லா ஊசி போட்டதா என்று கேட்டு, இருவரும் பரம்பரை இரத்த நோயான தலசீமியாவுக்கான இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளும்படி சொல்லி, போலிக் அமில மாத்திரைகளையும் தந்தார். குழந்தையின் மூளைக்கும் முள்ளந்தண்டுக்கும் அடித்தளமான நரம்புக் குழாய் கருத்தரித்து 28 நாட்களுக்குள் மூடிக்கொள்வதால், அந்த மாத்திரையைக் கர்ப்பம் என்று தெரிந்த பின் தொடங்கினால் பெரும்பாலும் காலம் கடந்துவிடும் என்பதை அவர் சொன்ன விதம் என் வகுப்பறை விளக்கத்தைவிடத் தெளிவானது. 48 பக்கக் கையேட்டில் போலிக் அமிலம் என்ற சொல்லே இல்லை. அந்த உத்தியோகத்தர் எடுத்துக்கொண்டது அரை மணி நேரம், கட்டணம் எதுவுமில்லை.

நெய்ப் போத்தலையும் கொண்டுபோயிருந்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உள்ளுக்குள்ள என்ன இருக்கெண்டு ஒரு இடத்திலயும் எழுதேல்லையே மகள், இதை மூடியே வையுங்கோ" என்றார். அலுமாரியில் அது மூடியபடியே இருக்கிறது. 7,500 ரூபாயில் அதற்குரிய பங்கு எவ்வளவு என்பது ரசீதில் பிரித்து எழுதப்படவில்லை.