மாதாந்திர ஸ்டேக் விருந்து: ஒரே உணவகமா, மாதம் ஒரு புதிய உணவகமா?

நண்பர்கள் எட்டுப் பேர் மாதம் ஒருமுறை ஸ்டேக் (தடித்த துண்டாக வெட்டிச் சுட்ட மாட்டிறைச்சி) உணவகத்தில் கூடி இரவு உணவு உண்பது என்று முடிவெடுத்து இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஆண்டு முழுவதும் மாதம் ஒரு புதிய உணவகம் என்ற முறையில் சென்றோம். பிறகு ஓர் உணவகத்தைத் தேர்ந்தெடுத்து, மாதத்தின் முதல் வியாழக்கிழமை மாலை அங்கேயே கூடுவது என்று மாற்றிக்கொண்டோம். இரண்டு முறைகளிலும் உட்கார்ந்து சாப்பிட்டவன் என்ற வகையில் இரண்டாவதன் பக்கமே நான் நிற்கிறேன். இறைச்சியின் சுவையை வைத்தோ பில்லின் தொகையை வைத்தோ நான் இந்த முடிவுக்கு வரவில்லை. ஒவ்வொரு மாதமும் இந்த விருந்தை நடத்திக்காட்டும் வேலை யார் தலையில் விழுகிறது என்பதை வைத்தே வந்தேன்.

வெளிப்படையான சில விஷயங்களை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதுப்புது இடங்களுக்குச் சென்றால் புதுப்புதுச் சுவைகள் கிடைக்கும். ஒரே இடத்துக்குச் சென்றால் ஏமாற்றம் குறையும். ஸ்டேக் உணவகம் எதுவாயினும் செலவு அதிகம்தான் என்பதால், விலையில் இரண்டு முறைகளுக்கும் பெரிய வேறுபாட்டை நாங்கள் காணவில்லை. வீட்டிலேயே கிரில் வைத்துச் சுட்டுக்கொள்வது என்ற மூன்றாவது வழியையும் இரண்டு முறை முயன்றோம். உணவு நன்றாகவே இருந்தது. ஆனால் இரண்டு முறையும் சமைத்தவர் கடைசியாக, தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டே முறை அனுபவத்தை வைத்து அந்த வழியை நான் தள்ளிவிட மாட்டேன், என்றாலும் இந்த ஒப்பீட்டில் அதைச் சேர்க்கவில்லை.

மாதம் ஓர் உணவகம் என்ற முறைக்கு உரிய பெருமையை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஸ்டேக்கைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அந்த முதல் ஆண்டில் கற்றது. ஓரிடத்தில் விறகுத் தணலின் மேல் சுடுகிறார்கள்; இன்னோரிடத்தில் மேலிருந்து கடும் வெப்பம் இறங்கும் பிராய்லரில் வைத்தெடுக்கிறார்கள்; வேறோரிடத்தில் வார்ப்பிரும்புச் சட்டியில் வெண்ணெயை அள்ளி அள்ளி ஊற்றியபடி வாட்டுகிறார்கள். ஒரே ரிப் ஐ (விலாப்பகுதி) துண்டு இந்த மூன்று இடங்களிலும் மூன்று வெவ்வேறு உணவாக மேசைக்கு வருகிறது. குளிரறையில் காற்றுப்பட வைத்து மூன்று, நான்கு வாரங்களுக்கு மேல் முதிரவைத்த இறைச்சியில் நீர் வற்றிச் சுவை செறிந்து, பழைய சீஸையும் வறுத்த பருப்பையும் நினைவூட்டும் மணம் ஏறுவதை அந்த ஆண்டில்தான் முதன்முதலாக உணர்ந்தேன். டி-போன், போர்ட்டர்ஹவுஸ் என்ற இரண்டு வகைத் துண்டுகளும் ஒரே எலும்பைச் சுற்றியவை என்றும், எலும்பின் ஒரு பக்கத்தில் இருக்கும் டெண்டர்லாயின் என்ற மிக மென்மையான பகுதியின் அகலமே இரண்டையும் பிரிக்கிறது என்றும், அமெரிக்க வேளாண் துறையின் வரையறைப்படி அந்த அகலம் 1.25 அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் அது போர்ட்டர்ஹவுஸ் என்றும் ஓர் உணவகத்துப் பரிமாறுபவர் மேசையருகே நின்று பொறுமையாக விளக்கினார். ஓரிடத்திலேயே தங்கியிருந்தால் இவற்றில் பாதிகூட எங்களுக்குத் தெரிந்திருக்காது.

இவ்வளவு இருந்தும் அந்த ஆண்டின் பன்னிரண்டு மாதங்களில் நாங்கள் கூடியது எட்டு மாதங்கள்தான். விடுபட்ட நான்கு மாதங்களிலும் எவருக்கும் உடல்நலக் குறைவோ பணத் தட்டுப்பாடோ இல்லை. எங்கே போவது என்பது முடிவாகாமலேயே மாதம் கடந்துவிட்டது.

இதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் புதிதாகக் குழு தொடங்குபவர்கள் கணக்கில் எடுக்கத் தவறுவது இதைத்தான். ஒரு புதிய ஸ்டேக் உணவகத்துக்கு எட்டுப் பேரை அழைத்துச் செல்வதென்றால், முதலில் எட்டுப் பேரும் ஒப்புக்கொள்ளும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த இடத்தில் எட்டுப் பேர் சேர்ந்து உட்காரும் மேசை உண்டா என்று கேட்க வேண்டும். எங்களில் இருவர் மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் என்பதால் அவர்களுக்கு மீனோ கோழியோ மெனுவில் ஒப்புக்காக இல்லாமல் உருப்படியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரிய குழுவுக்கு முன்பணம் கேட்பார்களா, மேசையை இரண்டு மணி நேரத்தில் காலிசெய்யச் சொல்வார்களா, பில்லைப் பிரித்துத் தருவார்களா என்பதையெல்லாம் விசாரிக்க வேண்டும். இதற்கிடையே தேதி ஒருவருக்கு ஒத்துவராமல் போகும். தேதியை மாற்றினால் மேசை கிடைக்காது. மேசை கிடைக்கும் வேறிடத்தைச் சொன்னால் அங்கே ஏற்கெனவே போயாயிற்று என்று ஒருவர் சொல்வார். இவ்வளவையும் பன்னிரண்டு முறை செய்தாக வேண்டும்.

இந்த வேலையை முறைவைத்துச் செய்வதாகத்தான் தொடங்கினோம். மூன்றாவது மாதத்திலேயே அது ஒரே தோழியின் கைக்குப் போய்விட்டது. அவர் செய்தால் சரியாக நடக்கிறது என்பதால் மற்றவர்கள் நிம்மதியாக விட்டுவிட்டோம். ஏழாவது மாதத்தில் ஓர் உணவகத்தில் எட்டுப் பேருக்கென்று அவர் உறுதிசெய்திருந்த மேசை நாங்கள் சென்றபோது இல்லை. நான்கு பேர் அமரும் இரண்டு மேசைகளைக் கூடத்தின் இரு மூலைகளில் கொடுத்தார்கள். உணவு அருமையாகவே இருந்தது. ஆனால் அந்தத் தோழி இரண்டு மேசைகளுக்கும் நடுவே எழுந்து எழுந்து நடந்துகொண்டிருந்தார். அவர் தட்டில் இருந்த சர்லாயின் துண்டின் ஓரக் கொழுப்பு வெளுத்து உறைந்து போயிருந்ததை நான் பார்த்தேன். அன்றிரவு யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. அடுத்த மாதம் அவர் எதையும் ஏற்பாடு செய்யவில்லை, நாங்களும் கேட்கவில்லை, அந்த மாதம் விருந்து நடக்கவில்லை. ஒருவருடைய உழைப்பின் மேல் எட்டுப் பேரின் மகிழ்ச்சியை ஏற்றிவைத்திருந்தோம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதை இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

ஒரே உணவகம் என்ற முறை அந்தச் சுமையை ஏறக்குறைய இல்லாமலேயே ஆக்கிவிட்டது. மாதத்தின் முதல் வியாழன், இரவு ஏழரை மணி, உட்புறச் சுவரோரம் உள்ள நீண்ட மேசை என்று மேலாளரிடம் ஒருமுறை பேசி, ஆண்டு முழுவதற்கும் பதிவு செய்துகொண்டோம். வார இறுதியில் அவர்களுக்குக் கூட்டம் அலைமோதும். வார நாளில் எட்டுப் பேர் கொண்ட குழு தவறாமல் வருவது அவர்களுக்கும் வசதி என்பதால் மேசையைக் காலிசெய்யும் நேரக்கெடு எங்களுக்குக் கிடையாது. இப்போது செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான்: வர இயலாதவர் செவ்வாய்க்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும். ஆறு பேர் வந்தாலும் விருந்து நடக்கும், ஐந்து பேர் வந்தாலும் நடக்கும். எல்லோருக்கும் ஒத்துவரும் தேதியைத் தேடிக்கொண்டிருந்தவரை ஒருவர் வர முடியாமல் போனாலே எல்லாம் தள்ளிப்போனது. தேதி மாறாது என்று ஆனபிறகு ஒருவர் வராதது ஒருவர் வராதது மட்டுமே. இந்தப் பதினெட்டு மாதங்களில் ஒரே ஒரு மாதம்தான் விடுபட்டிருக்கிறது.

இறைச்சியின் பதத்திலும் இம்முறையால் ஒரு நன்மை உண்டு. அதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. மீடியம் ரேர் (நடுவே சிவந்திருக்கும் பதம்) என்பது துண்டின் நடுவே ஏறத்தாழ 54 முதல் 57 டிகிரி செல்சியஸ் வரை. மீடியம் என்பது 60-ஐத் தாண்டியது. வெல் டன் (முழுதும் வெந்த பதம்) என்பது 70-க்கு மேல். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் உள்வெப்பம் சில டிகிரி ஏறும் என்பதால், சமைப்பவர் முன்கூட்டியே இறக்கி, சற்று ஆறவைத்துத்தான் அனுப்ப வேண்டும். எட்டுப் பேர் நான்கு விதத் துண்டுகளை நான்கு விதப் பதங்களில் கேட்கும்போது அவை அனைத்தும் ஒரே நேரத்தில் மேசைக்கு வருவது சமையலறைக்குக் கடினமான சோதனை. எங்களில் ஒருவருக்குத் தடித்த டெண்டர்லாயின் வெல் டன்னாக வேண்டும். புதிய உணவகங்களில் அவருடைய தட்டு பெரும்பாலும் நாங்கள் பாதி சாப்பிட்ட பிறகே வரும். இல்லையென்றால் வெளியே கரிந்தும் உள்ளே சிவந்தும் வரும். இப்போது செல்லும் இடத்தில் இரண்டாம் மாதமே பரிமாறுபவர் அவரிடம், துண்டை நடுவே பிளந்து புத்தகம்போல் விரித்துச் சுட்டால் கரியாமல் முழுதும் வெந்துவிடும், அப்படிச் செய்யட்டுமா என்று கேட்டார். மூன்றாம் மாதம் முதல் கேட்காமலேயே அப்படித்தான் வருகிறது, மற்ற ஏழு தட்டுகளோடு சேர்ந்தே வருகிறது. தட்டு வந்ததும் அவர் கத்தியால் நடுவே சிறிதாகக் கீறி, விளிம்பிலிருந்து விளிம்புவரை ஒரே பழுப்பாக இருப்பதைப் பார்த்துவிட்டுத் தலையசைப்பார். அதன் பிறகே நாங்கள் எல்லோரும் கத்தியை எடுப்போம். மாட்டிறைச்சி உண்ணாத இருவருக்கும் மீன் எப்போது புதிதாக வருகிறது என்று அங்கே முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள்.

ஒரு கூட்டத்தை நெடுங்காலம் கட்டிக்காப்பது எது என்பதற்கு ஸ்டேக்கின் வரலாற்றிலேயே ஒரு சான்று இருக்கிறது. லண்டனின் கோவென்ட் கார்டன் நாடக அரங்கை நடத்திவந்த ஜான் ரிச் 1735-இல் நிறுவியதாகக் கருதப்படும் ஸ்டேக் கழகத்தில் உறுப்பினர்கள் 24 பேர் மட்டுமே. பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரான இளவரசர் 1785-இல் சேர்ந்தபோதுதான் அந்த எண்ணிக்கையை 25 ஆக உயர்த்தினார்கள். நவம்பர் முதல் ஜூன் வரை சனிக்கிழமைதோறும் கூடி, ஸ்டேக்கையும் அதற்குத் துணையாக உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் உண்பது அவர்கள் வழக்கம். 1808-இல் கோவென்ட் கார்டன் அரங்கும், 1830-இல் அவர்கள் பிறகு கூடிய லைசியம் அரங்கும் தீக்கிரையாயின. இடம் போனாலும் கழகம் போகவில்லை; 1867 வரை நீடித்தது. கிழமையும் உணவும் தீர்மானமாகிவிட்டதால், ஒவ்வொரு வாரமும் எங்கே, எப்போது, என்ன என்று அவர்கள் பேசித் தீர்க்க வேண்டியிருக்கவில்லை என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

பணத்தைப் பற்றி ஒரு சொல். ஒரே இடம் என்றால் செலவு மலிவாகிவிடாது, ஆனால் முன்கூட்டியே தெரிந்துவிடும். பெரிய குழுக்களுக்குச் சேவைக் கட்டணத்தைப் பில்லிலேயே சேர்த்துவிடும் வழக்கம் பல உணவகங்களில் உண்டு. அது தெரியாமல் டிப்ஸை இரண்டு முறை கொடுத்த அனுபவம் முதல் ஆண்டில் எங்களுக்கு நேர்ந்தது. இப்போது ஆளுக்கு எவ்வளவு ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். கையில் பணம் குறைவாக உள்ள மாதத்தில் ஒருவர் தனித்துண்டு கேட்காமல் பெரிய போர்ட்டர்ஹவுஸை இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டால் எவரும் அதைக் கவனிப்பதுகூட இல்லை.

இந்த முறையின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். பத்து மாதங்களுக்குப் பிறகு மெனுவில் நாங்கள் சுவைக்காதது ஏதும் மிஞ்சவில்லை. இடையே தலைமைச் சமையல்காரர் மாறியபோது இரண்டு மாதங்கள் ஸ்டேக்கின் மேற்புறம் முன்புபோல் முறுகலாக வரவில்லை; போகப்போகச் சரியானது, ஆகாமல் போயிருந்தால் என்ன செய்திருப்போம் என்று உறுதியாகச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. பதினெட்டு மாதம் என்பது ஒரு முறையைப் பற்றி இறுதித் தீர்ப்புச் சொல்லும் காலமும் அல்ல. மூன்று, நான்கு பேர் மட்டுமே உள்ள குழுவாக இருந்தால் மாதம் ஓர் உணவகம் என்ற முறையையே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். நான்கு பேருக்கு மேசை எங்கும் கிடைக்கும், தேதியும் எளிதில் ஒத்துவரும், ஏற்பாட்டுச் சுமை என்று நான் இவ்வளவு நேரம் சொன்னது அங்கே பெரும்பாலும் எழாது. ஆறு பேரைத் தாண்டினால்தான் என் வாதம் வலுப்பெறுகிறது.

முதல் ஆண்டில் எல்லாவற்றையும் சுமந்த அந்தத் தோழிக்குத்தான் புதிய இடங்களின் மேல் இன்னும் ஆசை அதிகம். அதனால் ஆண்டுக்கு இரண்டு மாதங்கள் வேறிடம் செல்வது என்று வைத்துக்கொண்டோம். எந்த இடம் என்பதை அவர் மட்டும் முடிவு செய்வார். மேசை, முன்பணம், பில் எல்லாவற்றையும் மற்ற ஏழு பேரில் இருவர் பார்த்துக்கொள்வார்கள். சென்ற முறை விறகுத் தணலில் சுடும் ஓரிடத்துக்கு அழைத்துச் சென்றார். மேசைக்குத் தட்டு வந்ததும் அவர்தான் முதலில் கத்தியை எடுத்தார். சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டு முடித்தார்.