பலூன் நாய்க்குட்டி: கால் அவிழாமல் நிற்பது எதில்?

பலூனில் நாய்க்குட்டி செய்வது பெரிய வித்தையல்ல. குழந்தை அதன் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடும்போது கால்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து, கடைசியில் நீளப் பலூன் மட்டும் கையில் மிஞ்சுமே, அங்கேதான் சிக்கல்.

உருவம் முறுக்கும் பலூன்களின் எண்ணிலேயே அளவு இருக்கிறது. 260 என்றால் ஊதிய பிறகு 2 அங்குல விட்டம், 60 அங்குல நீளம். 160க்கு நீளம் அதேதான், விட்டம் 1 அங்குலம். 350 என்பது 3 அங்குல விட்டம், 50 அங்குல நீளம்.

160 பார்க்க அழகு. கைவளையல், குரங்கின் வால் என்றால் சரி. நாய்க்குக் கால் வைத்தால் துவண்டு மடங்கும். 350 கட்டிப்பிடிக்க நன்றாக இருக்கும், ஆனால் அந்தப் பருமனில் சின்னக் காது வராது. குழந்தை கையில் கொடுக்க என் ஓட்டு 260க்குத்தான்.

ஆனால் நல்ல பலூனையும் முறுக்கு கெடுத்துவிடும். சாதாரண முறுக்கு கையை எடுத்ததும் திரும்பிவிடும். ஒன்றை வலப்பக்கமும் அடுத்ததை இடப்பக்கமும் திருப்பினால் கேட்கவே வேண்டாம். இரண்டு குமிழ்களை மடித்துச் சேர்த்து முறுக்கும் பூட்டு முறுக்கு, கால்களுக்குப் போதும். அதைவிட உறுதி காது முறுக்கு. ஒரு அங்குலக் குமிழை இழுத்துப் பிடித்து, அதன் இரு முனைகளையும் சேர்த்து மூன்று நான்கு சுற்று சுற்றினால் அது தானாக அவிழாது. பக்கத்துக் குமிழ் வெடித்தாலும் மற்றவை பெரும்பாலும் தப்பிக்கும். பின்னங்கால்களைப் பூட்டியதும் வாலுக்கு முன் இப்படி ஒன்று போடுவது என் வழக்கம். நாயின் பின்பக்கம் சின்ன உருண்டை ஒன்று வரும். குழந்தைகள் அது என்னவென்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

முழுக்க ஊதுவதா, தளர்வாக ஊதுவதா? தளர்வாகத்தான். ஒவ்வொரு முறுக்கும் காற்றை வால் பக்கம் தள்ளும். நாய்க்குட்டிக்கு நுனியில் நான்கு விரல் அகலம் ஊதாமல் விட்டு, முடிச்சுப் போடுமுன் கொஞ்சம் காற்றை வெளியே விட்டால் முறுக்கும்போது கிறீச்சிட்டாலும் வெடிக்காது. வாயால் ஊதுவதைவிடக் கைப்பம்ப் நல்லது.

அப்புறம், வெடித்த துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள். எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அவை தொண்டையில் அடைக்கும் ஆபத்து உண்டு. ஊதாத பலூனும் அப்படியே.