சர்க்கரை சேர்க்காத பெட்டி ஆரஞ்சுச் சாறு: ஒரு மாதம் குடித்துப் பார்த்ததில்

இரும்புச்சத்து போதவில்லை என்று இரத்தப் பரிசோதனையில் தெரிந்த பிறகுதான் ஆரஞ்சுச் சாற்றின் பக்கம் என் கவனம் திரும்பியது. கீரையிலும் பயறு வகைகளிலும் உள்ள இரும்பை உடல் எளிதில் உறிஞ்சிக்கொள்வதில்லை. அதே வேளை உணவில் வைட்டமின் சி சேர்ந்தால் உறிஞ்சும் அளவு கூடுகிறது. ஆகவே ‘100 சதவீதம் பழச்சாறு’ என்று அச்சிட்ட ஒரு லிட்டர் பெட்டிகளை வாங்கி, ஒரு மாதம் காலையுணவோடு சேர்த்தே குடித்து வந்தேன். உணவோடு தேநீர் குடித்தால் பலன் நேர்மாறாகிவிடும் என்பதால் அதை இரண்டு மணி நேரம் தள்ளிவைத்தேன்.

வாங்குமுன் பெட்டியைத் திருப்பி உட்பொருள் பட்டியலைப் படிப்பது மிக அவசியம். நான் வாங்கியதில் ஆரஞ்சுச் சாற்றைத் தவிர வேறொன்றும் இல்லை. அதே அடுக்கில், ஏறக்குறைய அதே படத்துடன் இருந்த ‘ஆரஞ்சு பானம்’ பெட்டியிலோ முதலில் தண்ணீர், அடுத்து சர்க்கரை, அதன் பின்னரே சாறு. பட்டியலில் அதிகமாக உள்ள பொருளே முதலில் வரும் என்பதால், இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

சுவை நன்று, இலேசான புளிப்பு நாவில் நிற்கிறது. நன்றாகக் குலுக்காமல் ஊற்றினால் மேற்பகுதி நீர்த்தும், சதைத்துணுக்குகள் தங்கிய கடைசி டம்ளர் கெட்டியாகவும் இருக்கின்றன. புதிதாகப் பிழிந்த 240 மி.லி. சாற்றில் ஏறத்தாழ 120 மி.கி. வைட்டமின் சி இருக்கும். சூடாக்கிப் பதப்படுத்திய சாற்றில் அது குறைந்தாலும், 150 மி.லி. குடித்தாலே ஒரு பெரியவரின் அன்றாடத் தேவையில் பாதிக்கு மேல் கிடைத்துவிடுகிறது. பொட்டாசியமும், ஃபோலேட் என்னும் பி வகை வைட்டமினும் கணிசமாகவே உள்ளன.

எனக்குள்ள பெரிய குறை, பெட்டி பரிந்துரைக்கும் 250 மி.லி. அளவு. சேர்க்காத சர்க்கரை என்றாலும் அவ்வளவு சாற்றில் 20 கிராமுக்கு மேல் பழச்சர்க்கரை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் இதையும் கட்டுப்படுத்த வேண்டிய சர்க்கரையாகவே கணக்கிடுகிறது. தோலுரித்து, சுளைமேல் ஒட்டிய வெள்ளை நாரோடு தின்னும் ஒரு பழத்தில் சுமார் 12 கிராம் சர்க்கரையும் 3 கிராம் நார்ச்சத்தும் இருக்க, சாற்றில் நார்ச்சத்து அநேகமாக இல்லை. ஆதலால் நான் 150 மி.லி.யைத் தாண்டவில்லை. நீரிழிவு உள்ளவர்களும், பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்க வேண்டாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு இது வேண்டவே வேண்டாம்.

பழம் கிடைக்காத நாள்களுக்காக இதை மீண்டும் வாங்குவேன்.