தீம் பார்க் ரிசார்ட்டில் சைவச் சாப்பாடு: முன்பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள்

குடும்பத்தோடு தீம் பார்க் ரிசார்ட்டில் தங்கப் போகிறீர்களா? உங்களில் ஒருவராவது சைவம் மட்டும் சாப்பிடுகிறவரா? அப்படியானால் அறையோடு சேர்த்து 'மீல் பிளான்' என்று ஒன்றை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அதற்குப் பணம் கட்டுவதற்கு முன் எங்களுக்கு நடந்ததைப் படித்துவிடுங்கள். புகார் இன்னும் முடியவில்லை என்பதால் ரிசார்ட்டின் பெயரைச் சொல்லவில்லை. பெயர் தெரிந்து அந்த ஒரு இடத்தை மட்டும் தவிர்த்தாலும் பெரிய பயன் இல்லை. விசாரிக்காமல் போனால் வேறு இடத்திலும் இதே கதி வரலாம்.

என் மாமியார் பிறந்ததிலிருந்து சைவம். பால் சேர்த்துக்கொள்வார், கறி, மீன், முட்டை எதையும் தொடமாட்டார். அறை பதிவு செய்யும்போதே போனில் இதை விவரமாகச் சொன்னேன். "எங்கள் எல்லா உணவகங்களிலும் சைவ வகைகள் இருக்கின்றன, நீங்கள் கவலையே படவேண்டாம்" என்றார் பேசிய பெண். அதையே மெயிலிலும் எழுதி வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் எல்லாருக்கும் பிளான் வாங்கினோம். நாளொன்றுக்கு ஆளுக்கு மேசையில் உட்கார்ந்து சாப்பிட ஒரு வேளை, கவுன்டரில் வாங்கிக்கொள்ள ஒரு வேளை, நடுவில் ஒரு நொறுக்குத்தீனி. சாப்பிடாத வேளைக்குப் பணம் திரும்ப வராது. அறையைக் காலி செய்கிற அன்று நள்ளிரவோடு மிச்சமிருப்பதெல்லாம் காலாவதி. பெரியவர்கள் எல்லாருக்கும் ஒரே கட்டணம். இறைச்சித் தட்டு வாங்குகிறவருக்கும் இலைதழை மட்டும் வாங்குகிறவருக்கும் ஒரே தொகை.

முதல் நாள் மதியம் கவுன்டருக்குப் போனோம். மேலே ஒளிரும் பலகையில் சைவம் என்று பச்சைக் குறி போட்டிருந்தது மூன்றே மூன்று: ஒரு சாலட், ஒரு வெஜ் பர்கர், பிரெஞ்ச் ஃபிரைஸ். பர்கரில் முட்டை இருக்கிறதா என்று கேட்டேன். கவுன்டரில் இருந்த பையனுக்குத் தெரியவில்லை. உள்ளே கேட்டு வந்து, பர்கரின் நடுவில் வடை மாதிரி வைக்கும் அந்தப் பட்டி உதிராமல் இருக்க முட்டை சேர்த்திருக்கிறது என்றான். சரி, சாலட் போதும் என்றோம். வந்த கிண்ணத்தின் மேல் பேக்கன், அதாவது பன்றி இறைச்சித் துணுக்குகள் தூவியிருந்தன. திருப்பிக் கொடுத்தேன். என் கண் முன்னாலேயே கையுறை போட்ட விரலால் துணுக்குகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு அதே கிண்ணத்தை நீட்டினார்கள். ஓர் இலையின் மடிப்பில் ஒரு சிவப்புத் துணுக்கு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் காட்டிக் கேட்ட பிறகுதான் புதிதாக ஒன்று செய்து தந்தார்கள். அதற்கும் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

ஃபிரைஸையும் வாங்கவில்லை. கவுன்டருக்குப் பின்னால் எண்ணெய்த் தொட்டி தெரிகிறது. சிக்கன் நக்கெட்ஸ் பொரிந்த கம்பிக்கூடையை உதறி மாட்டிவிட்டு, அதே எண்ணெயில் அடுத்த கூடையில் உருளைக்கிழங்கை இறக்கினார்கள். ஒளித்து மறைத்துச் செய்யவில்லை, எல்லாரும் பார்க்கத்தான் செய்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை அதில் தவறே இல்லை. அதனால்தான் அதற்கும் பச்சைக் குறி.

ஃபிரைஸ் விஷயத்தில் இது புதுக்கதை இல்லை. மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் 1990-ல் தாவர எண்ணெய்க்கு மாறியதாக அறிவித்தது. அதற்குப் பிறகும் அமெரிக்காவில் அதன் ஃபிரைஸில் மாட்டிறைச்சிச் சுவையூட்டி சேர்த்திருந்தது 2001-ல் வழக்காகி, 2002-ல் மன்னிப்புக் கேட்டு, ஒரு கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு சமரசம் செய்துகொண்டார்கள். இடைப்பட்ட வருடங்களில் சைவம் என்று நம்பிச் சாப்பிட்டவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. உருளைக்கிழங்கும் எண்ணெயும்தானே, இதில் என்ன இருந்துவிடப் போகிறது என்று விடாதீர்கள்.

இதெல்லாம்கூடப் போகட்டும். அன்று இரவு நடந்ததுதான் ஆறவில்லை.

மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் உணவகம். முன்பதிவிலேயே 'ஒருவர் சைவம்' என்று குறித்திருந்தேன். பரிமாறுகிறவரிடம் மறுபடியும் சொன்னேன். அவரே காய்கறி சூப்பைப் பரிந்துரைத்தார். "இது சுத்த சைவம்தானே?" என்று கேட்டதற்குத் தயங்காமல் தலையாட்டினார். அத்தை இரண்டு கரண்டி குடித்துவிட்டு நிறுத்தினார். "ஏம்மா, இதுல ஏதோ ஒரு வாடை வருதே, நீ கொஞ்சம் கேளேன்" என்றார். நான் பிடிவாதமாக உள்ளே அனுப்பிக் கேட்க வைத்தேன். திரும்பி வந்தவர் சொன்னது: "துண்டு எதுவும் போடவில்லை மேடம். சிக்கன் ஸ்டாக்கில் செய்தது, அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். கோழி எலும்பை வேகவைத்து வடித்த சாற்றில் கேரட்டையும் பட்டாணியையும் போட்டு, அதற்குக் காய்கறி சூப் என்று பெயர் வைத்து, கேட்ட பிறகும் சைவம் என்று வாய் கூசாமல் சொல்லிப் பரிமாறியிருக்கிறார்கள். அத்தை ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அன்றிரவு தண்ணீர் தவிர எதையும் தொடவில்லை. "நீங்க சாப்பிடுங்க, பிள்ளைங்க பாக்குறாங்க" என்று மட்டும் சொன்னார். எழுபது வயதைத் தாண்டிய ஒருவரின் வாழ்நாள் விரதத்தை ஒரு கரண்டியில் கலைத்துவிட்டு அவர்கள் கேட்டது, "வேறு சாலட் கொண்டு வரட்டுமா?" என்பதுதான்.

எப்படி இது நடக்கிறது என்று பிறகு ஒரு செஃப் எனக்கு விளக்கினார். அவரைப் பற்றிக் கீழே சொல்கிறேன். இவ்வளவு பெரிய இடத்தில் ஒவ்வொரு உணவகமும் எல்லாவற்றையும் அடியிலிருந்து சமைப்பதில்லை. சூப்பின் அடிப்படைச் சாறு, சாஸ், பட்டி, பேஸ்ட்ரி எல்லாம் பொதுச் சமையலறையிலிருந்தோ வெளி நிறுவனத்திலிருந்தோ டப்பாவில் வருகின்றன. கவுன்டரில் நிற்பவருக்கு டப்பாவுக்குள் என்ன என்று தெரியாது. தெரியாது என்று சொன்னால் வரிசை நிற்கும். அதனால் "இருக்கலாம், பரவாயில்லை, சைவம்தான்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

ஒவ்வாமைப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நம்பாதீர்கள். அமெரிக்கச் சட்டம் பாக்கெட் உணவில் அறிவிக்கச் சொல்லும் முக்கிய ஒவ்வாமைப் பொருட்கள் ஒன்பது: பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, மரக்கொட்டைகள், நிலக்கடலை, கோதுமை, சோயா, 2023 முதல் எள். ஐரோப்பிய ஒன்றியத்தில் பதினான்கு. இரண்டு பட்டியலிலும் கோழி இல்லை, மாடு இல்லை, பன்றி இல்லை. உணவகங்கள் நீட்டும் ஒவ்வாமை அட்டைகள் பெரும்பாலும் இந்தப் பட்டியல்களை வைத்தே தயாராகின்றன. முட்டையும் மீனும் அதில் பிடிபடும். சிக்கன் ஸ்டாக் பிடிபடவே படாது. எங்கள் சூப்புக்கான அட்டையை மறுநாள் வாங்கிப் பார்த்தேன். எல்லாக் கட்டமும் காலி. அந்த அட்டையைப் பொறுத்தவரை அது உலகத்திலேயே பாதுகாப்பான சூப்.

அதனால் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். "இது சைவமா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் வரும். "இதில் சிக்கன் ஸ்டாக், பீஃப் ஸ்டாக், மீன் சாஸ் ஏதாவது இருக்கிறதா? சோறு எதில் வெந்தது?" என்று பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். எங்கே மாட்டிக்கொள்வோம் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் நல்லது. வார்செஸ்டர்ஷர் சாஸிலும் சீசர் சாலட் டிரெஸ்ஸிங்கிலும் வழக்கமாக நெத்திலி வகை மீன் சேரும். ஜப்பானிய மிசோ சூப்பின் அடிச்சாறு பெரும்பாலும் உலர்ந்த மீனிலிருந்து வருவது. கொரிய ஊறுகாயான கிம்ச்சியில் மீன் சாஸோ இறால் விழுதோ இருப்பது சகஜம். மெக்சிகோ பாணி மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்க்கும் பழக்கம் உண்டு. பிள்ளைகள் அழுது கேட்கும் மார்ஷ்மெலோவும் கம்மி மிட்டாயும் பெரும்பாலும் ஜெலட்டினில் செய்தவை. ஜெலட்டின் என்பது பன்றி, மாட்டின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. சில இனிப்புகளின் சிவப்பு நிறத்துக்குச் சேர்க்கும் கார்மைன், அதாவது ஈ120, ஒரு பூச்சியிலிருந்து வருகிறது. பால் சேர்ப்பவர்கள் சீஸையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும்: பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற பெயரில் விற்க வேண்டுமானால் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னட்டில்தான் பாலைத் திரிக்க வேண்டும் என்பது அந்தச் சீஸின் விதியே. அதைத்தான், அல்லது அதன் வகையைத்தான், பாஸ்தா மேல் கேட்காமலே தூவிவிடுகிறார்கள்.

பஃபே இருக்கிறதே, வேண்டியதை எடுத்துக்கொள்ளலாமே என்றால், அங்கே இடுக்கிகளைப் பாருங்கள். சாசேஜ் தட்டிலிருந்த இடுக்கி அடுத்த நிமிடம் வறுத்த காளான் தட்டில் இருக்கும். கூட்டம் சேர்ந்த பிறகு எது எதைத் தொட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. கதவு திறந்த உடனே போனால் ஓரளவு தப்பிக்கலாம். காலை உணவை நாங்கள் அப்படித்தான் சமாளித்தோம்.

அந்தச் செஃபைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அநியாயம். சூப் விவகாரத்துக்குப் பிறகு இன்னொரு உணவகத்தில் நான் பரிமாறுகிறவரிடம் பேசவே இல்லை. செஃபை வரச்சொல்லுங்கள் என்றேன். அவரே வெளியே வந்து, அத்தையின் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து நின்று, என்னென்ன சேர்த்துக்கொள்வார், என்னென்ன கூடாது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். தனி வாணலியில், வெறும் தண்ணீரில் வேகவைத்த சோறும் பீன்ஸும் வதக்கிய காய்களும் செய்து, தானே கொண்டுவந்து வைத்தார். அத்தை வயிறாரச் சாப்பிட்டார். கிளம்பும்போது அந்தச் செஃப் சொன்னதுதான் என்னை இன்னும் கோபப்படுத்தியது: முன்பதிவில் நாங்கள் எழுதிய குறிப்பு சமையலறைக்கு வரவே இல்லையாம். ஒரு நாள் முன்னால் தெரிந்திருந்தால் எந்தச் செஃபும் இதைச் செய்திருப்பார் என்றார். ஆக, ஆளும் உண்டு, அரிசியும் உண்டு, தனி வாணலியும் உண்டு. விற்கிற இடத்தில் வாங்கிய தகவலைச் சமைக்கிற இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க மட்டும் யாருக்கும் மனமில்லை.

முடியாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. ஃபுளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் 2019 முதல் இறைச்சி, பால், முட்டை, தேன் இல்லாத உணவுகளுக்கு மெனுவில் தனி இலைக்குறி போடுகிறார்கள். குறிக்கு என்ன பொருள் என்பதையும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ரிசார்ட்டின் பச்சைக் குறிக்கு என்ன விளக்கம் என்று மேலாளரிடம் கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. எந்த இடத்துக் குறியாக இருந்தாலும் பொரிக்கும் எண்ணெயும் கிரில்லும் தனியா என்பதை மட்டும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணத்துக்கு வருகிறேன். அத்தையின் பங்குக்கான மீல் பிளானில் பாதிக்கு மேல் வீணானது. அவருக்காக வெளியிலிருந்து பழமும் ரொட்டியும் தனியாக வாங்கினோம். பூங்கா வாசலில் பையைச் சோதித்து, அதில் ஒரு பகுதியை உள்ளே விடமாட்டோம் என்றார்கள். குழந்தை உணவுக்கும் மருத்துவக் காரணத்துக்கும்தான் விலக்கு உண்டாம். உள்ளேயும் உணவு கிடையாது, வெளியிலிருந்தும் கொண்டுவரக் கூடாது என்றால் ஒரு வயதான மனுஷி என்னதான் செய்வார்? மேலாளர் பிளான் தொகையைத் திருப்ப முடியாது என்று கையை விரித்துவிட்டார். நிபந்தனைகளில் 'உணவு வகைகள் முன்னறிவிப்பின்றி மாறலாம்' என்று ஒரு வரி இருக்கிறதாம். மாறியது எதுவுமில்லை, இருந்ததையே தவறாகச் சொல்லி விற்றீர்கள் என்றேன். ஆளுக்கு ஒரு ஐஸ்கிரீம் கூப்பன் நீட்டினார். வாங்கவில்லை.

நீங்கள் போகிறீர்கள் என்றால், பிளான் இல்லாமல் அறையை மட்டும் எடுங்கள். மைக்ரோவேவோ சிறு சமையலறையோ உள்ள அறை கிடைத்தால் கொஞ்சம் கூடுதலானாலும் அதையே எடுங்கள். வெளி உணவு விதியை மெயிலில் கேளுங்கள். மத நம்பிக்கையால் சைவம் என்பதற்கு விலக்கு உண்டா என்று அதிலேயே கேட்டு, பதிலை அச்செடுத்து வாசலுக்குக் கொண்டுபோங்கள். பிளான் எடுத்தே ஆகவேண்டும் என்றால், எந்த உணவகத்தில், எந்தெந்த உணவு, ஸ்டாக்கும் ஜெலட்டினும் முட்டையும் இல்லாதது என்று பெயர் பெயராக எழுதித் தரச்சொல்லுங்கள். 'எல்லா இடத்திலும் இருக்கிறது' என்று ஒற்றை வரியில் பதில் வந்தால் கட்டாதீர்கள். ஒவ்வொரு உணவக முன்பதிவுக்கும் முந்தைய நாள் நேராக அங்கே போய், செஃபின் காதில் விழும்படி சொல்லிவிட்டு வாருங்கள்.

ஏமாற்றப்பட்டால் அங்கேயே எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் நேரமும் கையெழுத்தும் வாங்குங்கள். மெனுப் பலகையைப் படம் எடுங்கள். கார்டில் கட்டியிருந்தால், சொன்னபடி சேவை தரவில்லை என்று வங்கியில் அந்தத் தொகைக்கு ஆட்சேபம் எழுப்பலாம். அதற்குக் காலக்கெடு உண்டு, ஊர் திரும்பிய கையோடு செய்யுங்கள். நான் போனில் பேசிய பிறகு வந்த அந்த மெயிலையும், சூப்பில் சிக்கன் ஸ்டாக் இருப்பதாக உணவகத்தில் எழுதிக் கொடுத்த சீட்டையும், பச்சைக் குறி போட்ட மெனுவின் படத்தையும் வங்கிக்கு அனுப்பியிருக்கிறேன். ரிசார்ட்டிடம் விளக்கம் கேட்டிருப்பதாக வங்கியிலிருந்து தகவல் வந்திருக்கிறது. அத்தையின் பங்குத் தொகை முழுவதும் திரும்பக் கிடைக்கும் வரை விடப்போவதில்லை.