உச்சிப்புளி மாடி வகுப்பு: பிளஸ் டூ லீகல் ஸ்டடீஸுக்கு அனுப்பலாமா?

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பில் லீகல் ஸ்டடீஸ் என்ற சட்டப் பாடம் எடுத்த பிள்ளை வீட்டில் இருந்து, நீங்கள் ராமநாதபுரத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் எங்காவது குடியிருந்தால், உச்சிப்புளியில் ஒரு பெண் வக்கீல் ஞாயிற்றுக்கிழமைகளில் எடுக்கும் வகுப்புக்குத் தாராளமாக அனுப்பலாம். நோட்ஸ் வாங்கி உருப்போட்டு எழுதிவிட்டு வந்துவிடலாம் என்று நினைக்கிற பிள்ளையாக இருந்தால் வேண்டாம், காசும் வீண், ஞாயிற்றுக்கிழமையும் வீண். என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முழுக்க அங்கே போனாள், தேர்வும் எழுதி முடித்துவிட்டாள். மண்டபம் ஊரில் இரண்டு மூன்று அம்மாக்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

பெயரைப் போடவில்லையே என்று கேட்காதீர்கள், அந்த வகுப்புக்குப் பெயரும் இல்லை, வாசலில் போர்டும் இல்லை. வக்கீல்கள் தங்களுக்கு விளம்பரம் தேடக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி. சட்டத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்ய அதே விதிகளில் அனுமதி இருக்கிறது, ஆனாலும் பெயர் வெளியே போக வேண்டாம் என்பதில் மேடம் கறார். வழக்கறிஞர் தொழில் பற்றிய பாடத்தை ஆரம்பித்த அன்றைக்கு வாசல் சுவரைக் காட்டி, "இங்க ஏன் போர்டு இல்ல, சொல்லுங்க பாப்போம்" என்றுதான் தொடங்கினாராம். அந்தப் பாடத்தில் அந்த விதி பிள்ளைகளுக்கு இனி மறக்காது.

இந்த வகுப்பைத் தேடிப் போக வேண்டியிருந்ததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பிள்ளை படித்த பள்ளியில் இந்தப் பாடம் உண்டு, ஆனால் இதற்கென்று தனி ஆசிரியர் கிடையாது, வணிகவியல் ஆசிரியரே வாசித்துக் காட்டுவார். சிபிஎஸ்இ போட்ட பாடப்புத்தகத்தை ராமநாதபுரம் கடைகளில் கேட்டால் விழிக்கிறார்கள். அது வாரியத்தின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடக்கிறது, இறக்கி ஜெராக்ஸ் போட்டு ஸ்பைரல் பைண்டிங் செய்தால் போதும். அப்புறம், ஊர் முழுக்க விளம்பரம் வரும் ஒரு வீடியோ கோர்ஸுக்கு ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினோம். குற்றவியல் பாடத்தில் அந்த ஆள் சிரித்த முகத்தோடு 302, 420 என்று இந்திய தண்டனைச் சட்டத்தையே நடத்திக்கொண்டிருக்கிறார். அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1-லிருந்து பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, கொலைக்குப் பிரிவு 103, மோசடிக்கு 318. அதை எழுதி அனுப்பினால் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது. வீடியோ மாறவில்லை, பணமும் திரும்பவில்லை. மேடம் முதல் வாரமே ஒரு தாள் கொடுத்தார், பழைய பிரிவு எண் இடது பக்கம், புது எண் வலது பக்கம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் முதல் தகவல் அறிக்கைக்குப் பழைய 154, அதன் இடத்தில் வந்த புதுச் சட்டத்தில் 173, இப்படியே கீழே வரை. அந்த ஒரு தாளே கட்டிய பணத்துக்குச் சமம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார், அவர் அவ்வளவு லேசில் எதையும் பாராட்டுகிற ஆள் இல்லை.

சரி, வகுப்பு எப்படி? மாடியில் ஒரே ஹால், பிளாஸ்டிக் நாற்காலி, மூலையில் ஒரு பச்சை ஸ்டீல் பீரோ நிறைய சட்டப் புத்தகங்கள். நான் மகளைக் கூப்பிடச் சீக்கிரம் போய்விட்ட ஒரு நாள், படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டேன். தீங்கியல் பாடம், அதாவது அடுத்தவரால் நமக்கு வந்த நஷ்டத்துக்கு ஈடு கேட்கிற சட்டம், போய்க்கொண்டிருந்தது. மேடம் கேட்கிறார்: "உங்க வயல் பக்கத்துல ஒருத்தர் இறால் பண்ணை போடுறார். கரை உடைஞ்சு உப்புத் தண்ணி உங்க கிணத்துக்குள்ள வந்திருச்சு. கரையை ஒழுங்காத்தான் கட்டினேன், என் மேல தப்பே இல்லங்கிறார். காசு கேக்க முடியுமா?" ஹால் இரண்டாகப் பிரிந்துவிட்டது. பண்ணை வைத்திருக்கிற வீட்டுப் பையன் ஒருத்தன், கிணறு உப்பாகிப்போன வீட்டுப் பெண் ஒருத்தி, கேட்க வேண்டுமா. நன்றாகச் சண்டை போட விட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் ரைலண்ட்ஸ் எதிர் பிளெட்சர் வழக்கை எடுத்தார். இங்கிலாந்தில் மில் முதலாளி ஒருவர் கட்டிய நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீர், பழைய சுரங்கக் குழிகள் வழியாகப் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்துக்குள் போன கதை, 1868-ல் தீர்ப்பு. ஆபத்தான ஒன்றைக் கொண்டுவந்து வைத்தவன், அது தப்பி வெளியே போனால், தன் கவனக்குறைவு இல்லை என்று கைகழுவ முடியாது. ஆனால் இயற்கைச் சீற்றம், மூன்றாம் ஆள் செய்த வேலை என்று சில விலக்குகள் அதில் உண்டு. பையன் உடனே "அப்ப புயல்ல கரை உடைஞ்சா?" என்றான். மேடம் அங்கிருந்து 1985-ல் டெல்லியில் ஓலியம் வாயு கசிந்த எம்.சி. மேத்தா வழக்குக்குப் போய், ஆபத்தான தொழிற்சாலைகளுக்கு அந்த விலக்கும் கிடையாது என்று நம் உச்ச நீதிமன்றம் சொன்னதைச் சொன்னார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பது தேர்வில் கேட்கிற கேள்வி. என் மகளுக்கு அதைப் படிக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

அதோடு நிறுத்தவில்லை. 1996-ல் ஜெகந்நாதன் வழக்கில் கடலோர இறால் பண்ணைகள் பற்றி உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, மாசு செய்தவனே செலவை ஏற்க வேண்டும் என்று அதில் சொன்னது, பிறகு 2005-ல் பண்ணைகளைப் பதிவு செய்ய வந்த தனிச் சட்டம், எல்லாம் வந்தது. வழக்குப் போட்டவர் நம் தமிழ்நாட்டுக் காந்தியவாதி என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். தேர்வுக்கு இவ்வளவு தேவையா என்றால் தேவையில்லை.

ஒப்பந்தச் சட்டம் நடத்தியது இன்னும் நன்றாக இருந்ததாம். எங்கள் கரையில் வியாபாரியிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு பிடித்த மீனை அவருக்கே போடுவது வழக்கம்தானே. பதினேழு வயதுப் பையன் வலை வாங்க அட்வான்ஸ் வாங்கிவிட்டு மீனை வேறு ஆளுக்குப் போட்டால்? 1903-ல் மோஹரி பீபி வழக்கில், அப்போது நம் வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் சொன்னது, பதினெட்டு வயது நிரம்பாதவரோடு போட்ட ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது. அந்த வழக்கில் தரம்தாஸ் கோஷ் என்ற பையன் வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருந்தான், கடன் கொடுத்தவர் பணத்தைத் திரும்பப் பெற முடியவில்லை. "அப்ப சின்னப் பசங்க ஏமாத்திக்கிட்டே போகலாமா மேடம்?" என்று கேட்டிருக்கிறார்கள். சாப்பாடு, துணி மாதிரி அத்தியாவசியப் பொருளாக இருந்தால் அவனுடைய சொத்திலிருந்து ஈடு கேட்கலாம், பிரிவு 68 என்று பதில். வலை அத்தியாவசியமா என்று அரை மணி நேரம் அடித்துக்கொண்டார்களாம். என் வீட்டுக்காரர் மீன் கமிஷன் கடை வைத்திருப்பவர். மகள் இதைச் சொன்ன வாரத்திலிருந்து அட்வான்ஸ் கேட்டு வருகிற பொடியன்களிடம் ஆதாரைக் காட்டச் சொல்கிறார்.

சர்வதேசச் சட்டம் நடத்தும்போது ஹால் அமைதியாகிவிடும் என்று மகள் சொன்னாள். தங்கச்சிமடத்திலிருந்து வருகிற ஒரு பிள்ளையின் அப்பாவை எல்லை தாண்டினார் என்று இலங்கைக் கடற்படை பிடித்துப் போயிருந்தது. அந்தப் பிள்ளை, "ஹேக் கோர்ட்டுல நாங்க கேஸ் போட முடியாதா?" என்று கேட்டிருக்கிறது. சர்வதேச நீதிமன்றத்தில் நாடுகள் மட்டும்தான் கட்சிக்காரர்களாக வர முடியும், தனி ஆள் வர முடியாது. நாடே போக நினைத்தாலும், காமன்வெல்த்தில் இருக்கிற அல்லது இருந்த நாடுகளோடு உள்ள தகராறுகளை இந்தியா தன் ஒப்புதலிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது, இலங்கை காமன்வெல்த் நாடு. மேடம் அங்கேயே விட்டுவிடவில்லை. வெளிநாட்டில் பிடிபட்டவருக்குத் தன் நாட்டுத் தூதரக அதிகாரியோடு பேச உரிமை உண்டு என்று 1963 வியன்னா ஒப்பந்தம் சொல்வதையும், உளவாளி என்று பாகிஸ்தான் பிடித்து வைத்த இந்தியர் குல்பூஷண் ஜாதவ் வழக்கில் அந்த ஒப்பந்தத்தை வைத்துத்தான் இந்தியா பாகிஸ்தானுக்கு எதிராக ஹேக் போய் 2019-ல் தீர்ப்பு வாங்கியது என்பதையும் சொல்லியிருக்கிறார். கச்சத்தீவு பற்றிய 1974, 1976 ஒப்பந்தங்களைக் கேட்டபோது மட்டும், அது கட்சி மேடையாக மாறிவிடும் என்று தேதியையும் சாரத்தையும் சொல்லி நிறுத்திக்கொண்டாராம். அது புத்திசாலித்தனம்.

பேச்சு இப்படியே போனால் மார்க் எப்படி வரும் என்ற பயம் எனக்கும் இருந்தது. எழுத வைப்பதில்தான் மேடத்தின் உண்மையான வேலை தெரிகிறது. ஒவ்வொரு வகுப்பு முடிவிலும், எந்த விஷயத்துக்குச் சண்டை போட்டார்களோ அதையே நேரம் வைத்து விடையாக எழுத வேண்டும். பேசுவது தமிழில், எழுதுவது தேர்வுக்கு எழுதுகிற மாதிரி ஆங்கிலத்தில். என் மகளின் நோட்டைப் பார்த்தால் தெரியும், ஓரத்தில் சிவப்பு மையில் "எந்தப் பிரிவு?", "வழக்கு எங்கே?", "கதையைத் திருப்பிச் சொல்லாதே" என்று கிறுக்கியிருக்கும். கேள்வியில் உள்ள சங்கதியை அப்படியே நகல் எடுத்துப் பக்கத்தை நிரப்பினால் முழுதாக அடித்துவிடுவார். சட்டம் என்ன சொல்கிறது, எந்த வழக்கு, இந்த ஆளுக்கு அது பொருந்துகிறதா இல்லையா, ஏன், அவ்வளவுதான் அவர் எதிர்பார்ப்பது. இப்போது சிபிஎஸ்இ வினாத்தாளில் பாதிக் கேள்வி இப்படி ஒரு நிலைமையைக் கொடுத்து யோசிக்கச் சொல்கிற மாதிரிதான் வருகிறது, அதனால் இந்தப் பழக்கம் நேரடியாக உதவுகிறது. எண்பது மதிப்பெண்ணை மூன்று மணி நேரத்தில் எழுதுவதற்கு ஜனவரியிலிருந்து முழு மாதிரித் தேர்வும் வைத்தார்.

குறைகளும் இருக்கின்றன, மறைக்கப் போவதில்லை. முதலாவது, பாடம் முடிவதில்லை. நல்ல கேள்வி வந்துவிட்டால் மேடம் நேரத்தைப் பார்க்கமாட்டார். கடலில் காணாமல் போனவரை எப்போது இறந்தவராகச் சட்டம் எடுத்துக்கொள்ளும் என்று ஒரு பையன் கேட்கப்போய், ஏழு வருடம் எந்தத் தகவலும் இல்லாவிட்டால் என்பதில் தொடங்கி, மீட்பு, நிவாரணம், வங்கிக் கணக்கு என்று அந்த ஞாயிறே போய்விட்டது. அது இந்தக் கரைக்கு வேண்டிய பேச்சுதான், நான் மறுக்கவில்லை, ஆனால் அன்றைக்கு நடக்க வேண்டிய தீர்ப்பாயமும் சமரச முறைகளும் பிப்ரவரி கடைசியில் ஒரே மூச்சில் ஓடின. மனித உரிமைப் பாடமும் அப்படித்தான், தேசிய மனித உரிமை ஆணையத்தின் 1993 சட்டத்தை வீட்டிலேயே படித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். இரண்டாவது, இருபது மதிப்பெண் புராஜெக்டில் கையே வைக்கமாட்டார், தலைப்பு மட்டும் பேசுவார். மகள் இலவச சட்ட உதவியை எடுத்தாள், ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நானே கூட்டிப் போனேன். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு என்பது 1987 சட்டத்தின் 12-ஆம் பிரிவில் இருக்கிறது. இது இந்தக் கரையில் எத்தனை பெண்களுக்குத் தெரியும்? இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற போன் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், தேர்வு எழுதாதவர்களுக்கும் பயன்படும்.

மூன்றாவது, அந்த ஒரு மதிப்பெண் கேள்விகள். சரியான விடையைத் தேர்ந்தெடு வகைக்கு இங்கே பயிற்சி குறைவு. அதற்கு வாரியத்தின் இணையதளத்தில் வருகிற மாதிரி வினாத்தாள்களை இறக்கி வீட்டில் போட்டுப் பார்ப்பதே போதும், அதற்காக வேறு வகுப்பு தேட வேண்டாம்.

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதுகிற கிளாட் நுழைவுத் தேர்வுக்கும் சேர்த்து உதவுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். முழுதாக இல்லை. அது இரண்டு மணி நேரத்தில் 120 கேள்வி, தவறுக்கு மதிப்பெண் பிடிப்பார்கள், ஆங்கிலம், கணக்கு, நடப்புச் செய்தி எல்லாம் வரும். சட்டப் பகுதியிலும் முன்பே சட்டம் படித்திருக்கத் தேவையில்லை, கொடுத்த பத்தியை வைத்தே யோசிக்க வேண்டும். யோசிக்கிற பழக்கம் இங்கே கிடைக்கும், வேகம் கிடைக்காது. தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளின் ஐந்து வருடப் படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் பார்க்கிறார்கள், ராமநாதபுரத்திலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது, ஆகவே எங்களுக்கு கிளாட் பெரிய கவலையாக இல்லை.

மாதம் 1,000 ரூபாய், மாதக் கடைசியில் கொடுத்தால் போதும். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்பதே இல்லை, பிறகு கொடுக்கச் சொல்லிவிடுவார். ராமேஸ்வரம் பஸ்ஸில் உச்சிப்புளியில் இறங்கி விசாரித்தால் பெட்டிக்கடையிலேயே வழி சொல்வார்கள். மாடிப்படி செங்குத்து, கைப்பிடி கிடையாது, கழிப்பறை கீழே வீட்டுக்காரர்களோடு பொது, அதை மட்டும் முன்னாடியே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். பதினோராம் வகுப்புக்குத் தனி பேட்ச் இல்லை, ஆனால் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்க விடுகிறார், அதற்குக் காசு வாங்குவதில்லை. கோர்ட்டுக்கு மே மாத விடுமுறை விட்டதும் புது பேட்ச் ஆரம்பிக்கிறார், இடம் கேட்க நேரில்தான் போக வேண்டும், போனில் சேர்க்கமாட்டார்.